நிலுவை

மேலூர் தாலுகா அலுவலகத்தின் பின்கட்டில்
பத்திரப் பதிவுக்கும் கழிப்பறைக்கும் நடுவே
எங்கள் பிரிவு.
காலமாற்ற மனுக்கள் திங்கள்தோறும் பெறப்படும்.
டோக்கன் முப்பது.

பெரும்பாலும் சின்ன ஆசைகள்.
ஒத்தக்கடையில் விற்ற இரண்டு சென்ட்டை
விற்காமல் இருந்திருக்க வேண்டும் ஒருவருக்கு.
பிளஸ் டூவில் நழுவிய அரை மார்க் இன்னொருவருக்கு.
சிவப்பு மையில் கோடு இழுப்பேன்.
கேட்டுப் பார்த்தோம் என்று
டீக்கடைப் பக்கம் போய்விடுவார்கள்.

யோகமலர் பொகவந்தலாவையிலிருந்து வந்திருந்தாள்.
டோக்கன் பதினேழு.
கேட்டது: ஒரு மூட்டை கேழ்வரகு.
இடம்: கருங்காலக்குடி, வெள்ளையன் வீட்டு வாசல்.
நாள்: தாது வருஷம், மாசி, ஏதாவதோர் இரவு.

மூட்டை இருந்தால் மழை வரை தாங்கியிருப்பார்கள்.
தொண்டிக்கு நடந்திருக்க மாட்டார்கள்.
தோணி இல்லை, மன்னார் இல்லை,
மாத்தளைக்குப் போகும் காட்டுப் பாதையில்
நாச்சியைப் போட்டுவிட்டு நடந்திருக்க மாட்டார்கள்.
கைக்குழந்தையையும்.
அதற்குப் பெயர் தெரியவில்லை.
பெயர்க் கட்டத்தில் ‘பிள்ளை’ என்று எழுதியிருந்தாள்.

மலையேறிச் சேர்ந்தது மூத்தவன் அடைக்கன் மட்டும்.
அவன் வழியில் ஐந்தாம் தலைமுறை இவள்.

“அவங்க நடக்காட்டி நீங்களே இல்லையேம்மா.”
“தெரியும் மிஸ்.
ஏழாம் பக்கத்துல கையெழுத்துப் போட்டிருக்கேன்.”

ஏழாம் பக்கம்:
மனுதாரர் இல்லாமற்போவதற்கான சம்மதம்.
யாரும் நிரப்பி நான் பார்த்ததில்லை.

“பிள்ளைங்க?”
“ஒருத்தன். கஜிந்தன். கொழும்புல வேலை.”
“அவர்கிட்ட கேட்டீங்களா?”
மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
“நாச்சிகிட்ட யாரு கேட்டா?”

அதற்குக் கையேட்டில் பதில் இல்லை.
இருந்ததைச் சொன்னேன்:
ஒரு வாசலில் மூட்டை இருந்தால்
அடுத்த வாசலில் இல்லாதது தெரியும்.
விடிவதற்குள் அந்தத் தெருவில் ரத்தம் விழலாம்.

“அப்ப ரெண்டு வைங்க.”
மூன்றாம் வீடு?
“மூணு.”
ஊர்? தாலுகா? அதற்கப்பால் சேலம், பெல்லாரி?

“நெல்லு அப்பவும் இருந்துச்சுதானே மிஸ்.
வண்டியேறித் துறைமுகம் போச்சுதானே.
அதை இறக்கச் சொல்ல மிஷினா வேணும்?”

மதியம் பதிவறைக்குப் போனேன்.
பூச்சி அரித்த பழைய கட்டு.
அந்த வருஷத்து அதிகாரி யாரோ
அழகாகச் சாய்த்து எழுதியிருக்கிறான்,
அவன் மொழியில்:
விலை தானே சீராகும். தலையிட வேண்டாம்.

என் மேசை ரப்பர் முத்திரையில் இருப்பது:
நடந்தது நடந்தபடி. தலையிட வேண்டாம்.

அவன் கெட்டவனாக இருந்திருக்க வேண்டியதில்லை.
பின்விளைவை யோசித்திருப்பான்.
நானும் யோசிக்கிறேன்.
அடைக்கன் இங்கேயே தங்கி உழுதிருந்தால்
அந்த வயலில் இன்று யார் வீடு.
நாச்சி பெற்றிருக்கக்கூடிய வம்சத்தில் ஒருத்தி
இந்த நாற்காலியில் இருந்திருப்பாளோ.
அப்போது நான் எங்கே.
இது தர்மமா, பயமா,
பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

செத்தவர்கள் மனுப் போடுவதில்லை.
பிறக்காதவர்களும்.
டோக்கன் வாங்குவதெல்லாம் இருக்கிறவர்கள்.
கையேட்டை எழுதியதும் நாங்கள்தான்.

நாலரைக்கு யோகமலர் எட்டிப் பார்த்தாள்.
கோடு இழுக்கவில்லை, அனுமதியும் எழுதவில்லை.
நிலுவை என்று எழுதினேன்.
கொட்டாம்பட்டி பஸ்ஸுக்கு ஓடினாள்;
வழியில் இறங்கி
வாசல் இருந்த இடத்தைப் பார்க்க வேண்டுமாம்.

மின்விசிறிக் காற்றில் தாள் எழும்பியது.
மேலே வைக்கக் கனமாய் இருந்தது
என் டிபன் பாக்ஸ் ஒன்றுதான்.
சாப்பிட மறந்திருந்தேன்.
தாள் அசையவில்லை.